ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வரும்?

சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், எங்கள் உறவில் யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார். "அந்தக் காலத்தில் நாங்கள் சாப்பிட்டதுதான் சாப்பாடு. பிரஷராவது, சுகராவது! யாருக்கு இருந்தது?" தங்கச்சிமடத்துப் பெரியப்பா இதைச் சொல்லாமல் எந்த விசேஷ வீட்டுப் பந்தியிலிருந்தும் எழுந்ததில்லை. கூட இருப்பவர்களும் தலையாட்டுவார்கள். வயதில் மூத்தவர், மறுத்துப் பேச முடியாது. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சு எனக்குள் உறுத்திக்கொண்டே வரும். முழுப் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பாதி உண்மையாக இருப்பதுதான் தொல்லை. கேழ்வரகுக் கூழ், பனங்கிழங்கு, நுங்கு, முருங்கைக்கீரை, அன்றன்று கரைக்கு வந்த மீன். இவற்றில் யார் என்ன குறை சொல்ல முடியும்? மீதிப் பாதி உப்பு. அதைப் பற்றிப் பெரியப்பா வாயே திறப்பதில்லை.

என் தாத்தா வத்தையில் பாய் விரித்துக் கடலுக்குப் போனவர். போகாத நாளில் கரைவலை இழுக்க நிற்பார். விடியுமுன் பழைய கஞ்சி, அதில் அள்ளிப் போட்ட கல்லுப்பு, தொட்டுக்கொள்ள அடுப்பில் சுட்ட கருவாடு. நடுக்கடல் வெயிலில் அவர் உடம்பிலிருந்து வியர்வையாக வடிந்த உப்புக்கு அந்தக் கருவாடு ஓரளவாவது ஈடு கட்டியிருக்கும். நானோ மண்டபம் ஊரில் ஒரு கடையின் கல்லாப்பெட்டிக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் அதே கருவாடு, அதே அளவு. இன்னொன்றும் இருக்கிறது. தாத்தா அறுபதைத் தாண்டும் முன்பே ஒரு பக்கம் கையும் காலும் விளங்காமல் விழுந்தார். கடற்கரையில் கெட்ட காற்று அடித்துவிட்டது என்று சொல்லி, மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அவர் கையில் யாரும் ஒருநாளும் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்ததில்லை. பார்க்காததெல்லாம் இல்லாதது என்று ஆகிவிட்டது. பெரியப்பாவின் "யாருக்கு இருந்தது" என்ற கேள்விக்கு எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பதில் படுத்துக் கிடந்தது.

அம்மாவுக்கு இரத்த அழுத்தம் என்று தெரிந்தபோது மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "உப்பைக் குறையுங்கள்" என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டே சொல். எதிலிருந்து குறைப்பது, எவ்வளவு குறைப்பது, இப்போது எவ்வளவு சாப்பிடுகிறோம், ஒன்றும் தெரியாது. கைப்பேசியில் தேடினால் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், சால்மன் மீன் என்று பட்டியல் வருகிறது. பாம்பனில் கூடை கூடையாகச் சூடையும் காரலும் வந்து இறங்குகின்றன; நாம் சால்மனுக்கு எங்கே போவது? இதயத்துக்கு நல்லது என்று சால்மனில் எந்தக் கொழுப்பைக் கொண்டாடுகிறார்களோ, அந்த ஒமேகா-3 நம் சூடையிலும் சாளையிலும் தாராளமாக இருக்கிறது. விலை மலிவு என்பதாலேயே விருந்தாளி வந்தால் அவற்றை மறைத்து வைக்கும் ஊர் இது. அது வேறு கதை.

பாக்கெட்டின் முதுகில் ஒரு தேதி

யோசனை என் மனைவியுடையது. உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. எதையும் அளந்து பார்க்காமல் பேசக் கூடாது என்பது அவள் கட்சி. புது உப்பு பாக்கெட்டை உடைத்த அன்று அதன் முதுகில் பேனாவால் தேதி எழுதி வைத்தாள். மீன் கழுவுவதற்கென்று ஜாடியில் இருக்கும் கல்லுப்பு தனி. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சமையலுக்கு மட்டும் இந்தப் பாக்கெட். பெரியவர்கள் மூன்று பேர், ஏழாம் வகுப்புப் படிக்கும் பாப்பா ஒருத்தி. மாதம் முடியும் முன்பே பாக்கெட் காலி.

அன்று இரவு அவள் ரேஷன் கார்டு உறையின் பின்பக்கம் போட்டுக் காட்டிய கணக்கு இது. உலக சுகாதார நிறுவனமும், 2024-இல் வெளியான நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டுதலும் சொல்வது, ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பது. தேக்கரண்டியில் தலை தட்டி எடுத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். நான்கு பேருக்கு 20 கிராம். முப்பது நாளுக்கு 600 கிராம். நாங்கள் முடித்ததோ 1,000 கிராம். தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. இதில் கருவாட்டின் உப்பு சேரவில்லை. ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர், பிஸ்கட், பாப்பா பள்ளி விட்டு வரும் வழியில் வாங்கித் தின்னும் பாக்கெட் தீனி எதுவும் சேரவில்லை. நாடு தழுவி எடுக்கப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வும் சராசரியாக நாளுக்கு 8 கிராம் என்றே சொல்கிறது. ஆக நாங்கள் மட்டும் விதிவிலக்கில்லை. ஆனால் அது எந்த வகையில் ஆறுதல்?

எனக்கு அந்த உறைதான் பெரியப்பாவுக்கான பதிலாகப் பட்டது. அதுவரை "கொஞ்சம் குறைப்போம்" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தோம். யாருடைய "கொஞ்சம்" எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இப்போது 1,000-த்திலிருந்து 600-க்கு இறங்க வேண்டும் என்று ஒரு இலக்கு கண்ணுக்கு முன்னால் நின்றது. ஐந்தில் இரண்டு பங்கு போக வேண்டும். எங்கிருந்து?

அடுத்த வாரம் முழுவதும் நான் அடுப்படியில் வேவு பார்த்தேன். குழம்பில்தான் உப்பு அதிகம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் காலைப் பலகாரமே பாதிக்கணக்கைத் தின்றுவிடுகிறது. இட்லி மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு, பொடியிலும் உப்பு. ஒரே தட்டில் நான்கு வழியாக வந்து சேர்கிறது. எதிலும் உப்புத் தூக்கலாகத் தெரியாது, அதனால் சந்தேகமும் வராது. தோசைக்குக் கறிக்குழம்பு ஊற்றும் ஞாயிற்றுக்கிழமையைவிட, பொடியும் சட்னியும் வைத்து "எளிமையாக" முடிக்கும் திங்கட்கிழமையில் உப்புக் கூடுதல். மாவில் உப்பைப் பாதியாக்கினோம். புளிப்பதில் ஒரு குறையும் வரவில்லை. இந்த வெக்கையில் மாவு எப்படியும் பொங்கிவிடுகிறது. பொடியில் உப்பே வேண்டாம் என்றாயிற்று. யாருமே கண்டுபிடிக்கவில்லை. அம்மா உட்பட.

தனிச் சட்டி வேண்டாம்

இதற்கு முன்பு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாத்திரை தொடங்கிய புதிதில் அம்மாவுக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டி. எங்களுக்கு ஊளி மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே, உப்புப் போடுமுன் இரண்டு துண்டு மீனும் கொஞ்சம் சாறும் எடுத்து அந்தச் சட்டிக்கு மாற்றுவோம். பார்க்க அக்கறையான ஏற்பாடு. அம்மா தட்டை ஒரு பார்வை பார்ப்பார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று முணுமுணுத்துக்கொண்டு நாலு வாய் அள்ளிவிட்டுக் கை கழுவுவார். பிறகு மதியத் தூக்கத்துக்கு முன் அடுப்படியில் டப்பா திறக்கும் சத்தம் கேட்கும். நார்த்தங்காய் ஊறுகாய். ஆளைப் பந்தியிலிருந்து ஒதுக்கிப் பத்தியச் சோறு போட்டால் எந்த மனுஷிக்குத்தான் பிடிக்கும்? வீட்டில் அதுவரை குழம்பு வைத்துக்கொண்டிருந்தவரே அவர்தான். அவர் கைச்சமையலைச் சாப்பிட்டு வளர்ந்த நான், அவருக்கு நோயாளிக் கிண்ணம் நீட்டினேன் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

உறை மீது போட்ட கணக்கு இந்த வழக்கையும் தீர்த்து வைத்தது. 8 கிராம் அம்மா மட்டும் தின்பதில்லை, எல்லோரும்தான். அப்படியானால் குறைக்க வேண்டியதும் எல்லோரும். ஒரே சட்டி, ஒரே குழம்பு, எல்லோருக்கும் குறைந்த உப்பு. ஒரேயடியாக வெட்டவில்லை. நாக்குக்குப் பழக சில வாரங்கள் வேண்டும், பழகிவிட்டால் பழைய அளவு கரிக்கத் தொடங்கும் என்று படித்திருந்தேன். அப்படியே நடந்தது. முதலில் முகம் சுளித்த பாப்பாவே, ஒரு கல்யாண வீட்டுச் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்" என்று தண்ணீருக்கு ஓடினாள்.

குழம்பு விஷயத்தில் அம்மாவே மறுபடி அடுப்புக்கு வந்தார். வந்ததும் நாங்கள் யாரும் யோசிக்காத ஒன்றைச் சொன்னார். "மீன் பச்சையாக இருந்தால் உப்பு எதற்கு அவ்வளவு?" உண்மைதான். கடலிலேயே கிடந்தாலும் மீனின் சதை கரிப்பதில்லை. அதற்கென்று ஒரு இனிப்பு இருக்கிறது. ஐஸில் நாலு நாள் கிடந்து சோர்ந்த மீனுக்குத்தான் மசாலாவும் உப்பும் புளியும் போட்டு ஏமாற்று வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. எனவே முதல் மாற்றம் சட்டியில் இல்லை, சந்தையில். பெரிய மீனின் பழைய துண்டைவிட, நாட்டுப்படகில் வந்த நகரையோ காரலோ கிடைத்தால் போதும் என்று வாங்கத் தொடங்கினோம்.

அவர் வைக்கும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மண்சட்டியில் எண்ணெய் இரண்டு கரண்டி, வெந்தயம், தட்டிய சின்ன வெங்காயம் ஒரு கை நிறைய. வெங்காயம் நிறம் மாறும் வரை அவசரப்படுவதில்லை. குண்டு மிளகாயை அரைத்த விழுது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே மிளகாய்தான். தோல் தடிப்பு, மணம் தூக்கல். பிறகு புளிக்கரைசல். மாங்காய்க் காலம் என்றால் புளியைக் குறைத்துக்கொண்டு, தோலோடு நறுக்கிய மாங்காய். இது எல்லாம் கொதித்து, பச்சை வாடை போய், தேங்காய் அரைத்ததும் சேர்ந்த பிறகு மீன். உப்பு? முன்பெல்லாம் புளிக்கரைசலோடு ஒரு கை போகும், மீன் போட்டபின் ருசி பார்த்து இன்னொரு சிட்டிகை போகும். இப்போது முதல் கை கிடையாது. மீன் வெந்து இறக்குமுன் அரைத் தேக்கரண்டி, சட்டியை இரண்டு காதையும் பிடித்து ஒரு சுழற்று. மேலாக நிற்கும் உப்பு நாக்கில் சட்டென்று தெரிகிறது. புளிப்பும் காரமும் சேர்ந்து மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. அன்று வெந்தது வெளமீன். அம்மா ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, உப்பு டப்பாவைத் தானே மூடித் தள்ளி வைத்தார்.

கருவாட்டுக்கு என்ன செய்வது

நண்பர் ஒருவர், "கருவாட்டை விட்டுவிட வேண்டியதுதானே" என்றார். அவர் மதுரைக்காரர். இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், அதுவும் யானை விலை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தாலும் இதே நிலைமை. அப்போது சோற்றுக்குத் துணை கருவாடுதான். அதை விடச் சொல்வது வெளியூர்க்காரருக்கு எளிது.

நன்றாக உப்பிட்டுக் காயவைத்த சீலா, பாறை, கட்டாக் கருவாட்டில் எடைக்குப் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை உப்பு இருக்கும். 50 கிராம் துண்டு ஒன்றிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிடும், மேலும் மிஞ்சும். நான் இதை ஒரு பேருரை போல அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, நெத்திலியில் யார் உப்புப் போடுகிறார்கள்?" என்றார்.

அதற்குப் பிறகு பேச எனக்கு ஒன்றுமில்லை. பெரிய மீனை வயிறு கீறி, குடலெடுத்து, தொட்டியில் உப்போடு அடுக்கி ஊறவைத்துத்தான் காயப்போட முடியும். இல்லாவிட்டால் உள்ளே அழுகிவிடும். நெத்திலி, காரல் போன்ற பொடி மீனுக்கு அந்தத் தேவை இல்லை. நல்ல வெயிலில் மணலிலோ வலை விரித்தோ கொட்டிக் கிளறிவிட்டால் ஓரிரு நாளில் சருகாகிவிடும். பலரும் அதை உப்பில்லாமலே காயவைக்கிறார்கள். எல்லோரும் அல்ல என்பதால் கேட்டு வாங்க வேண்டும். அம்மாவுக்கு வழக்கமாகக் கருவாடு தரும் அக்காவிடம் கேட்டபோது, கேட்கவே வேண்டாம், தொட்டுப் பாருங்கள் என்று இரண்டையும் என் கையில் வைத்தார். உப்புக் கருவாட்டின் மேல் வெள்ளை பூத்திருந்தது. விரலில் ஈரப்பசை ஒட்டியது. காரலோ காகிதம் போலச் சடசடத்தது. "ஐப்பசி மழையில் பாருங்கள், உப்புப் போட்டது வியர்த்து ஒழுகும். இது ஒழுகாது, ஆனால் கவனிக்காவிட்டால் பூச்சி பிடிக்கும்" என்றார். இருபது வருடமாகத் தின்கிறேன். இந்த வேறுபாட்டை விற்பவரும் சமைப்பவரும்தான் அறிந்து வைத்திருந்தார்கள்.

இப்போது வீட்டில் வழக்கம் இப்படி. அன்றாடத்துக்கு உப்பில்லாத நெத்திலி, காரல். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் மீனைவிட அதிகமாகப் போட்ட குழம்பு. அந்தக் குழம்புக்கு மட்டும் உப்பு. உப்பிட்ட கட்டாவை வாங்கினால் அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, அதைக் கொட்டிவிட்டு மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, குழம்பில் தனி உப்புச் சேர்க்காமல் சமைக்கிறோம். முழுவதும் போகாது, ஆனால் நிறையப் போகும். சுட்டுத் தின்பது மாதத்தில் ஒருநாள் என்று ஒப்பந்தம். அந்த ஒருநாளை அம்மா மறப்பதே இல்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உவர்ப்பு. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி ஊற்றுக்கும் குழாயடிக்கும் பெண்கள் நடப்பதைப் பார்க்காத ஆள் ராமநாதபுரத்தில் இல்லை. பல வீடுகளில் நல்ல தண்ணீர் குடிக்க மட்டும், சமையல் உவர்த்தண்ணீரில். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாது. வேகவில்லை என்று ஒரு சிட்டிகை ஆப்பசோடா விழும். சோடாவிலும் சோடியம்தான், உப்பில் உடம்பைக் கெடுப்பதும் அதே சோடியம்தான். பருப்புக்கும் உலைக்கும் நல்ல தண்ணீரே எடுப்பது, பருப்பை முன்கூட்டி ஊறவைப்பது என்று மாற்றினோம். கூடுதலாக ஒரு குடம் செலவாகிறது. தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டுக்கு இதுவும் ஒரு பாரம்தான். உப்பைக் குறைப்பது செலவில்லாத காரியம் என்று எழுதுகிறவர்கள் உவர்த்தண்ணீர் ஊரில் குடும்பம் நடத்தியிருக்க மாட்டார்கள்.

இந்துப்புக்கு மாறினால் போதுமே என்று குடும்பக் குழுவில் வாரம் ஒரு செய்தி வருகிறது. இளஞ்சிவப்பாக இருந்தாலும் அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அயோடின் வேறு சேர்த்திருக்காது. வாலிநோக்கத்து அளங்களில் மலைமலையாகக் குவிந்திருக்கும் உப்பு என்ன பாவம் செய்தது? 1974-இல் தொடங்கிய அரசின் உப்பு நிறுவனம் அங்கேதான் உற்பத்தி செய்கிறது. பக்கத்து ஊர் உப்பை விட்டுவிட்டுப் பல மடங்கு விலை கொடுத்து வேறு நிறத்தில் அதையே தின்பானேன்? சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பு வேறு வகை. அதற்குப் பலன் உண்டு. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் கூடுவது ஆபத்து. அம்மாவின் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்டோம், வேண்டாம் என்றார்கள். விட்டுவிட்டோம். மாத்திரையை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை. அம்மாவின் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது; அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, குழம்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் துணியமாட்டேன்.

பெரியப்பா போன மாதம் வந்திருந்தார். சாப்பிட்டார். "உப்புக் குறைச்சலாக இருக்கிறதே" என்றார். அம்மா முந்திக்கொண்டார். "உங்கள் தம்பிக்கும் எனக்கும் மாமனாரைத் தூக்கி உட்கார வைத்தே இடுப்பு ஒடிந்தது அத்தான், போதும்" என்றார். அவர் அப்பளத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுசோறும் வாங்கிக்கொண்டார்.

இப்போது சண்டை மோர் மிளகாயில் வந்து நிற்கிறது. குண்டு மிளகாய் வரத்து ஓய்வதற்குள் கீறி, மோரில் ஊறவைத்து, மொட்டை மாடியில் காயப்போட வேண்டும். உப்பைப் பாதியாக்கலாம் என்கிறாள் மனைவி. பாதி உப்பில் ஊறினால் காய்வதற்குள் பூஞ்சை பூத்துவிடும் என்கிறார் அம்மா. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, உப்பு அங்கே ருசிக்கு மட்டும் போடுவதில்லை. வேண்டுமானால் கொஞ்சமாகப் போட்டு, காய்ந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் நடுவில் புகுந்தேன். அங்கே ஏற்கெனவே நெத்திலி டப்பாக்கள் இரண்டு தட்டை அடைத்துக்கொண்டிருக்கின்றன; பாலும் பாப்பாவின் ஐஸ்கிரீமும் கருவாட்டு வாடை அடிக்கிறது என்று வீட்டில் தினமும் புகார். மிளகாய் இரண்டு கிலோ வாங்கியாயிற்று. உப்பை அளப்பது யார் என்று இன்னும் முடிவாகவில்லை.